புது வடிவில் வரும் பெரிய செடான்: வாங்கப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏதாவது ஒரு கம்பெனி தன் பெரிய செடானைப் புது வடிவத்தில் இறக்கினால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து அதே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். காரின் பெயர்தான் மாறும், சந்தேகம் மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஃபுல்-சைஸ் செடான்னு எதைச் சொல்றாங்க? நீளத்தை வச்சா?

நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளி நீளத்தைப் பார்ப்பதே இல்லை. ஆட்கள் உட்காரும் இடத்தின் கொள்ளளவையும் டிக்கியின் கொள்ளளவையும் கூட்டுகிறது. மொத்தம் 120 கன அடியோ (சுமார் 3,400 லிட்டர்) அதற்கு மேலோ வந்தால் பெரிய கார். 110-க்கும் 120-க்கும் இடையில் என்றால் நடுத்தரக் கார். இந்தக் கணக்கில் 2018-ல் வந்த ஹோண்டா அக்கார்டு பெரிய கார் பட்டியலில் இருந்தது. அதைவிடப் பல மடங்கு கௌரவமாகப் பேசப்படும் அதே காலத்து மெர்சிடிஸ் இ-கிளாஸ் நடுத்தரப் பட்டியலில் இருந்தது.

ஐரோப்பாவில் இ பிரிவு, எஃப் பிரிவு என்று சொல்கிறார்கள். அதற்குக் கறாரான அளவு கிடையாது, விலையும் அந்தஸ்தும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆகவே 'ஃபுல்-சைஸ்' என்ற பட்டத்தை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். உள்ளே எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி.

விளம்பரத்துல 'முற்றிலும் புதியது'ன்னு போட்டிருக்கான். நிஜமா புதுசா, முகத்தை மட்டும் மாத்திட்டானா?

ஒரு மாடல் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு ஆண்டு ஓடும். நடுவில், மூன்று நான்கு ஆண்டில், ஒரு ஃபேஸ்லிஃப்ட் வரும்: பம்பர், விளக்கு, கிரில், உள்ளே ஒரு பெரிய திரை. இரும்புக்கூடு அதேதான். தலைமுறை மாறினால்தான் அடித்தளம், கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் மாறும்.

கண்டுபிடிக்க எளிய வழி, பழைய காரையும் புதிய காரையும் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது. கதவின் கோடும் ஜன்னல் கண்ணாடியின் வடிவமும் ஒன்றாக இருந்தால் அது ஃபேஸ்லிஃப்ட். அடுத்து வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை உள்ள தூரம். அது ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை என்றால் சந்தேகப்படலாம். ஆனால் இதிலும் நடுவாந்தரமான கேஸ்கள் உண்டு. டொயோட்டா கேம்ரியின் ஒன்பதாம் தலைமுறை புது மாடலாகவே வந்தது. அடித்தளமும் 2,825 மில்லிமீட்டர் வீல்பேஸும் எட்டாம் தலைமுறையுடையவையேதான். கிரைஸ்லர் 300 என்ற அமெரிக்கப் பெரிய செடான் 2011-ல் புது வடிவம் எடுத்தது. அதன் அடித்தளம் முந்தைய காரிலிருந்து வந்தது, 2023-ல் உற்பத்தி நிற்கும்வரை அதே எலும்புதான்.

பழைய அடித்தளம் என்பதாலேயே கார் மட்டம் என்று ஆகிவிடாது. நன்றாகப் பழகிய எலும்புக்கூட்டில் கோளாறுகள் முன்பே களையப்பட்டிருக்கும். ஆனால் 'முற்றிலும் புதியது' என்ற சொல்லுக்காக யாரும் கூடுதல் பணம் கேட்டால் தர வேண்டாம்.

பழசைவிட பத்து சென்டிமீட்டர் நீளமாம். அப்ப உள்ளேயும் இடம் கூடியிருக்கும்ல?

கட்டாயமில்லை. கூடிய நீளம் பானெட்டுக்குப் போயிருக்கலாம், மோதல் விதிகளுக்காகப் பம்பருக்குப் போயிருக்கலாம். கார்கள் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. இன்றைய பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் 5,060 மில்லிமீட்டர். அதற்கு மேல்படியில் இருக்கும் 7 சீரிஸ், 1977-ல் முதன்முதலாக வந்தபோது 4,860 மில்லிமீட்டர்தான். தம்பி அண்ணனைவிட நீளமாகிவிட்டான், இருந்தும் பின் சீட்டுக்காரர் திருப்தியடையவில்லை என்றுதான் 3,105 மில்லிமீட்டர் வீல்பேஸில் தனியாக ஒரு நீட்டிய 5 சீரிஸும் சில சந்தைகளில் விற்கிறார்கள்.

பார்க்க வேண்டியது மொத்த நீளம் அல்ல. வீல்பேஸும், பின்பக்கக் கூரை எந்த இடத்தில் சரியத் தொடங்குகிறது என்பதும்தான். இப்போது கூப்பே மாதிரி சரியும் கூரை ஒரு மோகமாகிவிட்டது. பக்கவாட்டுப் படத்தில் அழகாக இருக்கும். அந்த அழகுக்கான விலையைப் பின் சீட்டில் இருப்பவரின் தலை கொடுக்கும்.

பின் சீட் நல்லா இருக்கான்னு எப்படிச் சரியா பார்க்கிறது?

பெரிய செடான் வாங்குகிற காரணமே பின் சீட்தான். ஆனால் ஷோரூமில் முக்கால்வாசிப் பேர் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பின்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்துவிடுகிறார்கள். குறைந்தது பத்து நிமிடம் உட்காருங்கள், ஓடுகிற காரில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

முதலில் முன் சீட்டை உங்கள் வீட்டில் யார் ஓட்டுவார்களோ அவர் உயரத்துக்கு வைத்துவிட்டுப் பிறகு பின்னால் போங்கள். விற்பனையாளர் முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவைத்திருப்பார். அந்தக் கால் இடம் உங்களுக்கு வீட்டில் கிடைக்காது. முட்டிக்கு இடம் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். பாதத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. முன் சீட்டை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்கிவிட்டு, அடியில் கால்விரல் நுழைகிறதா பாருங்கள். மோட்டார் வைத்த சீட்டுகளில் பல நேரம் நுழையாது.

அடுத்தது தொடை. சீட்டின் நுனி முட்டிக்குக் கீழே வரை தாங்க வேண்டும். தரை உயரமாகவும் சீட் தாழ்வாகவும் இருந்தால் முட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தொடை அந்தரத்தில் இருக்கும். தரைக்கு அடியில் பேட்டரி வைத்த மின்சாரக் கார்களில் இந்தக் குறை அடிக்கடி தென்படும். ஒரு மணி நேரம் தாண்டினால்தான் வலி தெரியும் என்பதால் ஷோரூமில் பிடிபடாது.

தலையைப் பொறுத்தவரை, கண்ணாடிக்கூரை வைத்த வேரியன்ட்டிலும் வைக்காத வேரியன்ட்டிலும் தனித்தனியாக உட்காருங்கள். சன்ரூஃப் சட்டம் சில சென்டிமீட்டரை விழுங்கிவிடும். நடுவில் மூன்றாவது ஆள் உட்காருவாரா என்பதற்குத் தரையின் நடுமேட்டைப் பார்த்தால் போதும். பின் சக்கர இழுவையும் நாலு சக்கர இழுவையும் உள்ள கார்களில் மேடு பெரிதாக இருக்கும். அங்கே மூன்றாவது ஆள் பெயருக்குத்தான்.

அப்பாவுக்கு முட்டி வலி. செடான் தாழ்வா இருக்குமே, ஏறி இறங்கச் சரியா வருமா?

உங்கள் சந்தேகம் நியாயமானது. செடானில் உள்ளே உட்காருவது பிரச்சினை இல்லை, எழுந்து வெளியே வருவதுதான் பிரச்சினை. அப்பாவையே கூட்டிக்கொண்டு போய் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏறிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு செல்லாது. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கதவடி விளிம்பு எவ்வளவு தடிமன், தலையைக் குனியாமல் உள்ளே போக முடிகிறதா என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் குறையைச் சில கம்பெனிகளே உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2022-உடன் டொயோட்டா அவலான் நின்றபின் அதன் இடத்துக்கு வந்த கிரவுன், சாதாரண செடானைவிட உயரமாக, சீட்டைத் தூக்கிவைத்து வந்தது. பார்க்கக் கொஞ்சம் விசித்திரம்தான். முட்டி வலிக்காரருக்கு அது விசித்திரமாகத் தெரியாது.

டிக்கி 500 லிட்டருக்கு மேலன்னு போட்டிருக்கு. போதாதா?

லிட்டர் போதும், வாய் போதுமா என்று பாருங்கள். செடான் டிக்கி ஆழமாக இருக்கும்; திறப்பு குறுகலாக இருக்கும். நீங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் பெரிய பெட்டியையோ மடக்கு சக்கர நாற்காலியையோ எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். மூடியின் கீல் கைகள் உள்ளே இறங்கிச் சாமானை நசுக்குகிற டிக்கிகளும் உண்டு.

இன்னொன்று, எந்த எஞ்சினுக்கு அந்த லிட்டர்? இப்போதைய மெர்சிடிஸ் இ-கிளாஸில் சாதாரண வகைக்கு 540 லிட்டர், பிளக்-இன் ஹைபிரிட் வகைக்கு (எஞ்சினோடு மின்மோட்டாரும், வெளியிலிருந்து சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ளது) 370 லிட்டர். ஒரே கார், ஒரே விளம்பரம். ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையும் தரைப்பலகையைத் தூக்கி உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். பல புது மாடல்களில் அதற்குப் பதில் ஒரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் திரவமும்தான் இருக்கும்.

பழைய மாடல்ல வி6 இருந்துச்சு. புதுசுல நாலு சிலிண்டர்தான். ஏமாத்தறாங்களா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அக்கார்டையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் 278 குதிரைத்திறன் வி6, அதாவது ஆறு சிலிண்டர் எஞ்சின், போய், 252 குதிரைத்திறன் 2.0 லிட்டர் டர்போ வந்தது. எண்ணைப் பார்த்தால் நஷ்டம். ஆனால் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை, 342 நியூட்டன் மீட்டரிலிருந்து 370 ஆனது. வி6 தன் உச்சத்தைத் தொட எஞ்சின் நிமிடத்துக்கு 4,900 சுற்று சுற்ற வேண்டியிருந்தது. டர்போவுக்கு 1,500 போதும். தினசரி ஓட்டத்தில் நமக்குக் கிடைப்பது அந்தக் கீழ்ச்சுற்று இழுவைதான். 2023-ல் அந்த டர்போவும் போய்விட்டது. 204 குதிரைத்திறன் ஹைபிரிட்தான் உயர் வேரியன்ட்டுகளில்.

போனது வேகம் அல்ல, குணம். வி6 சுழலும்போது இருக்கும் மென்மையும் சத்தமும் நாலு சிலிண்டரில் வராது. அதை மறைக்கச் சில கார்களில் ஸ்பீக்கர் வழியாகச் செயற்கைச் சத்தம் விடுகிறார்கள். அது தேவையா என்று என்னைக் கேட்டால், வேண்டாம். எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் மட்டும் பீய்ச்சும் எஞ்சின்களில் காலப்போக்கில் காற்று நுழையும் இன்டேக் வால்வில் கரி படியும் என்பதும் தெரிந்திருக்கட்டும். நீண்ட காலம் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், சிலிண்டருக்குள்ளும் வால்வுக்கு முன்னாலும் என இரண்டு வகைப் பீய்ச்சலும் உள்ள எஞ்சினா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஹைபிரிட்னா எல்லாமே ஒண்ணுதானே?

இல்லை. 48 வோல்ட் மைல்ட் ஹைபிரிட் என்பது எஞ்சினுக்கு ஒரு சின்ன கைகொடுப்பு. பெரும்பாலும் அது மின்சாரத்தில் மட்டும் காரை ஓட்டாது. முழு ஹைபிரிட் நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஊரும். மைலேஜ் வித்தியாசம் கண்கூடாகத் தெரிவது அங்கேதான். பிளக்-இன் வகையைத் தினமும் சார்ஜ் போடுவீர்கள் என்றால் மட்டும் வாங்குங்கள். சார்ஜ் போடாத பிளக்-இன், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு ஓடும் கார். டிக்கியிலும் அது என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

சொன்ன மைலேஜ் கிடைக்குமா?

கிடைக்காது. சோதனை உருளைமேல், வரையறுத்த வேகத்தில் நடப்பது. ஐரோப்பா 2017 முதல் பழைய முறையை விட்டுக் கடுமையான டபிள்யூஎல்டிபி முறைக்கு மாறியது. அதனால் பழைய மாடலின் பழைய எண்ணையும் புது மாடலின் புது எண்ணையும் நேராக ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். ஒரே சோதனை முறையில், ஒரே ஆண்டில் அளந்த இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

19 இன்ச் வீல்தான் கம்பீரமா இருக்கு. எடுத்துடலாமா?

பெரிய செடானில் மக்கள் தாங்களே காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வது இதைத்தான். டயர் பக்கச்சுவரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரில் எழுதியிருக்கும் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம், கடைசி எண் வீலின் இன்ச். 215/55 ஆர்17 டயரில் பக்கச்சுவர் 118 மில்லிமீட்டர். 235/45 ஆர்18-ல் 106. 235/40 ஆர்19-ல் 94. மூன்றின் மொத்த விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே காரில் மூன்றும் பொருந்தும். சின்ன வீலிலிருந்து பெரிய வீலுக்குப் போகும்போது குழியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல்போகிறது. டயர் விலை கூடும், ரிம் வளையும் வாய்ப்பு கூடும், சாலைச் சத்தம் உள்ளே வரும்.

கம்பெனிப் படங்களில் வருவது எப்போதும் பெரிய வீல். வாங்க வேண்டியது பெரும்பாலும் சின்ன வீல்.

பட்டனையெல்லாம் எடுத்துட்டு எல்லாத்தையும் ஸ்கிரீன்ல போட்டுட்டாங்களே, பழகிடுமா?

சிலது பழகும், சிலது பழகக் கூடாது. பாட்டு மாற்றத் திரையைத் தொடுவது பரவாயில்லை. ஓடும் காரில் கண்ணாடியில் படிந்த ஆவியைப் போக்க மூன்று மெனு தாண்ட வேண்டும் என்றால் அது வடிவமைப்புக் குறை. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இதற்கு மதிப்பெண்ணில் கை வைத்திருக்கிறது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டுணரும் தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது.

ஷோரூமில் செய்துபார்க்க ஒரு சோதனை: ஏசி வேகம், வெப்பநிலை, முன் கண்ணாடி ஆவி நீக்கி, சத்தம் குறைப்பு. இந்த நாலையும் திரையைப் பார்க்காமல் செய்ய முடிகிறதா? ஒன்றுகூட முடியவில்லை என்றால் தினமும் எரிச்சல் வரும்.

இவ்வளவு நீளமான காரை எப்படித் திருப்பி நிறுத்துறது?

நீளத்தைப் பார்த்துப் பயப்படாமல், திருப்பு வட்டம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். பின் சக்கரமும் திரும்பும் வசதி சில உயர் மாடல்களில் உண்டு. இப்போதைய மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் பின் சக்கரங்கள் 10 டிகிரி வரை திரும்பும் வகை, திருப்பு வட்டத்தை 2 மீட்டர் வரை குறைக்கிறது. அந்த வசதி இல்லாத காரில் கேமராவின் தெளிவை இரவில் பார்த்துவிடுங்கள்.

பழைய மாடலுக்கு ஃபைவ் ஸ்டார். புதுசுக்கும் அதேதானே?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மோதல் சோதனையில் வாங்கும் நட்சத்திரம் அந்தக் குறிப்பிட்ட காருக்கு, அந்த ஆண்டுச் சோதனைக்கு. சோதனைகள் இறுகிக்கொண்டே போகின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் அமெரிக்க மோதல் சோதனை அமைப்பான ஐஐஎச்எஸ் 2012-ல் காரின் ஓர் ஓரம் மட்டும் மோதும் சோதனையைக் கொண்டுவந்தபோது, அதுவரை நல்ல பெயர் வாங்கிய பல கார்கள் தடுமாறின. 2022-ல் அதே அமைப்பு முன்மோதல் சோதனையில் பின் சீட்டிலும் ஒரு பொம்மையை உட்காரவைத்தது. பின் சீட்டுக்காகவே கார் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையின் முடிவைத் தேடிப் படிக்க வேண்டும். முன்னால் ஓட்டுநருக்கு வரும் பெல்ட் இறுக்கி, பின்னால் உட்காருபவருக்கும் இருக்கிறதா என்பதே கேள்வி.

வீடியோ போடறவங்க எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க. நம்பலாமா?

பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. பெரும்பாலும் அவர்கள் கைக்கு வருவது உச்ச வேரியன்ட், கம்பெனி தேர்ந்தெடுத்த சாலை, ஒரு நாள். உங்களுக்கு வரப்போவது நடு வேரியன்ட், உங்கள் தெருச் சாலை, பல வருடம். ஒரு விமர்சனத்தில் பாராட்டை விட்டுவிட்டு இரண்டை மட்டும் தேடுங்கள்: எந்த வேரியன்ட்டை ஓட்டினார், பின் சீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார். இரண்டுக்கும் பதில் இல்லாத விமர்சனம் பொழுதுபோக்குக்கு.

முதல் வருஷ கார் வாங்காதேன்னு சொல்றாங்களே, நிஜமா?

தலைமுறையே மாறிய காருக்கு இந்தப் பழமொழி இன்றும் பொருந்தும். ஃபேஸ்லிஃப்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. புது அடித்தளம், புது எஞ்சின், புது சாஃப்ட்வேர் மூன்றும் ஒன்றாக வந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுப்பது நல்லது. இப்போது முதல் வருடத் தொல்லைகளில் பெரும்பங்கு எஞ்சினில் இல்லை, திரையிலும் சென்சாரிலும்தான். அவற்றில் பாதி அப்டேட்டில் சரியாகிவிடும், மீதிக்குச் சர்வீஸ் சென்டருக்கு நடக்க வேண்டியிருக்கும்.

ரீகால் அறிவித்தால் உடனே பின்வாங்க வேண்டாம். கம்பெனி குறையை ஒத்துக்கொண்டு இலவசமாகச் சரிசெய்கிறது என்பதுதான் அதன் பொருள். ஒரே பாகத்துக்கு மறுபடி மறுபடி ரீகால் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவ்ல என்னத்தைப் பார்க்கணும்?

பாட்டை அணைத்துவிடுங்கள். நல்ல சாலையை விட்டு, கரடுமுரடான சாலைக்குப் போகச் சொல்லுங்கள். வேகத்தில் கண்ணாடிப் பக்கம் காற்றுச் சத்தம், டயர் பக்கம் உறுமல் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். முன் கதவுக் கண்ணாடி இரண்டு அடுக்கா என்று பாருங்கள். கண்ணாடியைப் பாதி இறக்கினால் விளிம்பில் நடுக்கோடு தெரியும். சத்தம் குறைவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, கீழ் வேரியன்ட்டுகளில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். பாதித் தூரம் வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே அளவு வீல் உள்ள கார் கிடைக்கவில்லை என்றால் அந்த ஓட்டத்துக்கு மதிப்பு பாதிதான்.

பெரிய செடானையே எல்லாரும் நிறுத்திட்டு வர்றாங்க. இப்ப வாங்கினா மாட்டிக்குவேனா?

அமெரிக்கச் சந்தையில் ஃபோர்டு டாரஸ் 2019-லும் செவ்ரோலே இம்பாலா 2020-லும் நின்றன. அவலானும் கிரைஸ்லர் 300-ம் பின்தொடர்ந்தன. எஸ்யூவி பக்கம் கூட்டம் போய்விட்டது. உதிரிபாகம் உடனே கிடைக்காமல் போய்விடாது, ஏனென்றால் எஞ்சினும் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் அதே கம்பெனியின் எஸ்யூவியிலும் இருக்கும். அந்தக் காருக்கே உரிய விளக்கு, பம்பர், கண்ணாடி இவைதான் பின்னாளில் தேட வைக்கும். மறுவிற்பனையில் அடி விழும். மூன்று வருடத்தில் மாற்றுகிறவர் யோசிக்க வேண்டும். பத்து வருடம் வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை.

அதே காசுக்கு வரும் எஸ்யூவியைவிடச் செடான் தாழ்வாக நிற்பதால் வளைவில் குறைவாகச் சாயும், காற்றை எளிதாகக் கிழிக்கும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவருக்கு இன்னும் செடான்தான் என்பது என் கட்சி.

புது மாடலோட கீழ் வேரியன்ட்டும் பழைய மாடலோட டாப் வேரியன்ட்டும் ஒரே விலைக்கு வருது. எதை எடுக்க?

இரண்டாவது கேள்வியின் பதிலிலிருந்து தொடங்குங்கள். வெறும் ஃபேஸ்லிஃப்ட் என்றால் பழைய டாப்பை எடுங்கள். இரண்டு அடுக்குக் கண்ணாடி, நல்ல சீட், பின் ஏசி எல்லாம் கையில் கிடைக்கிறது, கோளாறுகளும் தெரிந்தவை. தலைமுறையே மாறியிருந்தால் புதுசின் கீழ் வேரியன்ட் பக்கம் சாய்வேன், மோதலைத் தாங்கும் கூட்டைப் பின்னால் காசு கொடுத்து மாட்ட முடியாது என்பதற்காக. அதிலும் அந்தக் கீழ் வேரியன்ட்டில் பின்பக்கத் தலைசாய்ப்பான் உயர்த்தக்கூடியதா, ஓட்டுநர் சீட் உயரம் மாறுமா, பின்னால் ஏசி துவாரம் உண்டா என்று பார்த்த பிறகுதான். மூன்றும் இல்லை என்றால் அடுத்த வேரியன்ட்டுக்குக் காசு சேரும்வரை பொறுங்கள். அதற்குள் முதல் வருடமும் ஓடிவிடும்.